மண்டையோட்டு அடித்தளத்தின் கால்வாய்களும் அறுவை மருத்துவமும்

வெள்ளி விழாவையொட்டி நிகழ்ந்த கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

 

வெள்ளி விழா நிகழ்ச்சிகளில் அறிவியல் பற்றிய உரை ஒன்றும் இடம்பெற வேண்டும் என்று கழகத்தார் விரும்பினர். பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை உடற்கூற்றியல் கற்பிப்போராகிய எங்களிடமே விட்டனர். நீரிழிவு நோய், இதயநோய் என்று பேசினால் அனைவர்க்கும் பயன்படும். மண்டையோட்டின் அடியிலுள்ள துளைகளைப் பற்றிக் கேட்க யார் வருவர் என்னும் ஐயம் சிலர்க்கு எழுவது இயல்பே. ஆயினும் இப்பொருளை நாங்கள் எண்ணிப் பார்த்தே எடுத்துக்கொண்டோம். மருத்துவக் கல்லூரியில் சேர விழையும் மாணவர் இங்கே உளர். காதில் சீழ் வடியும் குழந்தையோடு மருத்துவமனை வாயிலில் காத்து நிற்கும் பெற்றோரும் உளர். இருவர்க்கும் இப்பொருளில் பங்கு உண்டு.

மண்டையோட்டை மேலிருந்து நோக்குவார்க்கு அது கவிழ்த்து வைத்த வழவழப்பான கிண்ணமாகத் தோன்றும். அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் முற்றிலும் வேறொரு காட்சி. மேடும் பள்ளமும், முள்ளும் முனையும், நடுவே தண்டுவடம் இறங்கும் பெருந்துளையும், அதன் இருமருங்கிலும் சிறிதும் பெரிதுமாகப் பல துளைகளும் கால்வாய்களும் புலப்படும். இத்தளத்தின் மீதுதான் மூளை அமர்ந்துள்ளது. மூளையோடு இணைந்த பன்னிரண்டு இணை நரம்புகள் இவ்வழிகளாலேயே மூக்கு, கண், காது, முகம், நா, தொண்டை ஆகியவற்றோடு தொடர்பு கொள்கின்றன. மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகள் இத்தளத்தின் வழியே ஏறுகின்றன. மூளையின் இரத்தத்தை வெளிக்கொணரும் சிரைகள் இதன் வழியே இறங்குகின்றன. கட்டடத் தொழில் அறிந்தோர் இவ்வவையில் பலர் இருப்பீர்கள். சுவருக்குள் புதைத்த மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் எவ்வழிச் செல்கின்றன என்று அறியாமல் உளியை வைத்தால் என்ன நேரும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டுவதில்லை. மண்டையோட்டின் அடித்தளம் அத்தகைய சுவர். கட்டடத்திற்கேனும் வரைபடம் உண்டு. ஒரே வரைபடத்தில் பத்து வீடுகள் எழும்புவதும் உண்டு. மனிதத் தலைகள் அவ்வாறு எழும்புவதில்லை.

இதற்குக் காரணம் யாதெனின், இத்துளைகள் எலும்பு உருவான பின் குடைந்தெடுக்கப்பட்டவை அல்ல. கருவில் முதலில் தோன்றுவன நரம்புகளும் இரத்தக் குழாய்களுமே. குருத்தெலும்பும், பின்னர் எலும்பும் அவற்றைச் சுற்றி வளர்கின்றன. ஆற்றங்கரையில் நாணலைச் சுற்றி வண்டல் படிவது போல என்று கொள்ளலாம். ஆதலின் குழாய் ஒன்று வேறிடத்தில் பிறந்தால் அதற்குரிய துளை இல்லாமற் போகும். நரம்பு இரு கற்றையாகச் சென்றால் நடுவே எலும்புத் தடுப்பு எழலாம். எலும்பு முற்றும் மூடாது நின்றுவிட்டால் கால்வாயின் சுவரில் இடைவெளி நேரும். அருகிலுள்ள தசைநார் முதுமையிலோ முன்னரோ எலும்பாக இறுகினால் திறந்த வழி அடைபடும். இவற்றுள் பெரும்பாலானவை நோயல்ல. உரியவர் அவற்றை அறியாமலே வாழ்ந்து மறைவர். அறுவைக் கத்தியோ ஊசியோ துளைக்கருவியோ அவ்விடத்தை அணுகும்போதுதான் அவ்வேறுபாடு உயிர்ப் பொருளாகிறது.

நூலில் எழுதியதை எலும்பில் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் எளிதில் வந்ததன்று. இரண்டாம் நூற்றாண்டில் உரோமப் பேரரசில் வாழ்ந்த கேலன் என்னும் மருத்துவப் பேரறிஞர், மூளையின் அடியில், மண்டையோட்டுத் தளத்தின் மீது, தமனிகளாலான வியத்தகு வலை ஒன்று உண்டு என்று எழுதினார். அது ஆட்டிலும் மாட்டிலும் உண்டு, மனிதரிடம் இல்லை. அவர் அறுத்து ஆராய்ந்தவை பெரிதும் விலங்குகளே. ஆயினும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அவ்வலை மனிதரிடமும் இருப்பதாகவே கற்பிக்கப்பட்டு வந்தது. பிணத்தை அறுத்தவர் தம் கண்முன் வலை இல்லாததைக் கண்டும், நூலில் இருப்பதையே வாயால் ஓதினர். இத்தாலியில் பெரெங்காரியோ என்பவர் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தேடித் தேடியும் அதைக் காணவில்லை என்று துணிந்து எழுதினார். 1543-இல் வெசாலியசு தம் பெருநூலை வெளியிட்டபோது, முன்னர்த் தாமும் அவ்வலையைக் கற்பித்தவரே எனினும், அது மனிதரிடம் இல்லை என்று உறுதியாக மறுத்தார். எழுதப்பட்டது என்பதனாலேயே ஒன்று மெய்யாகிவிடும் என்று நம்பச் சொல்லப்பட்டு வந்த மக்களுக்கு இந்நிகழ்ச்சியின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனித் துளைகளுக்கு வருவோம். கண்களுக்குப் பின்னே, இரு பொட்டுகளுக்கும் நடுவே, வௌவால் சிறகு விரித்தாற்போன்ற எலும்பு ஒன்று உண்டு. ஸ்பீனாய்டு என்பது அதன் பெயர். அதன் பெருஞ்சிறகில் பக்கத்திற்கு ஒன்றாக நீள்வட்டத் துளை அமைந்துள்ளது. நீளம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். அகலம் அதிற் பாதி. ஒரு நெல்மணி செல்லும் அளவு என்று நினைவில் கொள்ளலாம். முகத்தின் உணர்ச்சிக்குரிய முப்பிரிவு நரம்பின் மூன்றாம் கிளை இதன் வழியே இறங்கிக் கீழ்த்தாடைக்குச் செல்கிறது. பெயர் நீள்வட்டம் எனினும், வாதுமைப் பருப்பின் வடிவில் இருப்பதும், ஏறத்தாழ வட்டமாக இருப்பதும், வெறும் கீற்றுப்போல ஒடுங்கியிருப்பதும் உண்டு. ஒரே மண்டையோட்டில் இடப்பக்கத் துளையும் வலப்பக்கத் துளையும் ஒத்திராமை மிகப் பொதுவானது.

இத்துளையின் வடிவத்தால் யார்க்கு என்ன என்று கேட்கலாம். முப்பிரிவு நரம்பு வலி என்றொரு நோய் உண்டு. முகம் கழுவினாலும், பல் துலக்கினாலும், ஒரு கவளம் சோற்றை மென்றாலும், குளிர்ந்த காற்று கன்னத்தில் பட்டாலும், மின்சாரம் பாய்ந்தாற்போல் நொடிப்பொழுதில் தாக்கி அடங்கும் வலி அது. மீண்டும் எப்போது தாக்குமோ என்னும் அச்சத்தில் உண்ணாமலும் பேசாமலும் மெலிந்து போனோர் உண்டு. பல்வலி என்று எண்ணி நல்ல பற்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டோரும் பலர். கார்பமசெபின் போன்ற மருந்துகள் முதலில் தரப்படும். அவற்றுக்கு அடங்காதபோது, தலையைத் திறக்காமலே செய்யத்தக்க முறை ஒன்று உண்டு. வாயின் கடைக்கோடியிலிருந்து இரண்டரை அல்லது மூன்று சென்டிமீட்டர் தள்ளிக் கன்னத்தில் ஊசியைச் செலுத்தி, எக்ஸ்-கதிர்ப் படத்தின் துணையோடு நீள்வட்டத் துளைக்குள் நுழைந்து, நரம்பின் முடிச்சை அடைவர். 1910-களில் ஜெர்மானியர் ஹெர்ட்டல் வகுத்த வழி இது. ஊசிமுனையால் நரம்பைச் சூடேற்றும் முறை 1974-இலும், கிளிசராலைச் செலுத்தும் முறை 1981-இலும், சிறு பலூனை ஊதி நரம்பை அழுத்தும் முறை 1983-இலும் மருத்துவ இதழ்களில் விவரிக்கப்பட்டன. முதியோர்க்கும், பெரிய அறுவையைத் தாங்க இயலாதார்க்கும் இது பெரும் ஆறுதல்.

கன்னத்தில் புகும் ஊசி, கண்ணால் காணாத நெல்மணி அளவுத் துளையைக் குறி வைத்து ஏழெட்டுச் சென்டிமீட்டர் செல்ல வேண்டும். துளை கீற்றாக ஒடுங்கியிருந்தால் ஊசி நுழையாது. சிலரிடம் துளையின் வெளிப்புறத்தே உள்ள தசைநார் எலும்புப் பாலமாக இறுகி, வாயிலுக்கு முன் குறுக்குச் சட்டம் அடித்தாற்போல் வழியை மறித்திருக்கும். வேறு சிலரிடம் நீள்வட்டத் துளைக்குச் சற்று முன்னும் உள்ளுமாக இன்னொரு சிறு துளை இருக்கும். வெசாலியசு துளை என்பது அதன் பெயர். அது ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாமலிருப்பதும் உண்டு. இரு பக்கமும் இல்லாமலிருப்பதும் உண்டு. அவ்வழியே ஊசி தவறி நுழைந்தால், மூளையடியில் இரத்தம் தேங்கிச் செல்லும் சிரைக்குகையைத் துளைத்துவிடும். இன்னும் உட்புறம் சாய்ந்தால், கிழிந்த துளை என்று நூல்கள் வழங்கும் இடத்தின் வழியே மூளைக்குச் செல்லும் உள்கழுத்துத் தமனியையே குத்திவிடும். இவற்றுக்கிடையேயுள்ள தொலைவு சில மில்லிமீட்டர்தான்.

நீள்வட்டத் துளைக்குப் பின்னே உள்ள முள்துளை இன்னும் சிறியது. மூளையுறையின் நடுத்தமனி இதன் வழியே தலைக்குள் ஏறுகிறது. இது வளையமாக மூடுவது பிறந்த பின்னும் சில ஆண்டுகள் வரை நீளக்கூடும். சிலரிடம் மூடாமலே நின்று நீள்வட்டத் துளையோடு கலந்துவிடும். சிலரிடம் முள்துளையே இராது. அத்தகையோர் சிலரிடம் அத்தமனி கண்ணுக்குரிய தமனியிலிருந்து பிறந்திருக்கும். மூளையுறைக்கடியில் பழைய இரத்தம் தேங்கும் முதியோர்க்கு அத்தமனியைக் குழாய்வழி அடைக்கும் மருத்துவம் அண்மை ஆண்டுகளில் பரவி வருகிறது. தமனியின் பிறப்பிடத்தைப் பாராமல் அடைத்தால் கண்பார்வையே போகக்கூடும். மண்டையோட்டில் ஒரு சிறு துளை இல்லை என்னும் செய்தி இவ்வளவு எச்சரிக்கையைத் தன்னுள் வைத்திருக்கிறது.

காதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம். நம் குழந்தைகளை நேரடியாகத் தொடும் செய்தி அது. நெருக்கமான வீடுகளிலும், அடுப்புப் புகையிலும், போதிய ஊட்டமின்றியும் வளரும் குழந்தைகளுக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது. மூக்கிலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழல் வழியே நோய் பரவிச் செவிப்பறை ஓட்டையாகிச் சீழ் வடிகிறது. காதில் சூடான எண்ணெய் விடுவதும், இலைச்சாறு பிழிவதும், கோழியிறகால் குடைவதும், 'வளர்ந்தால் தானே நின்றுவிடும்' என்று விட்டுவிடுவதும் இன்றும் உள்ள வழக்கங்கள். சிலரிடம் செவிப்பறையின் தோல் உட்புறமாக வளர்ந்து, உதிரும் தோற்படலங்கள் முத்துப்போல் திரண்டு, சுற்றியுள்ள எலும்பை அரிக்கத் தொடங்கும். கொலஸ்டியடோமா என்னும் இந்நோய்க்குச் சொட்டு மருந்து தீர்வாகாது. காதின் பின்னெலும்பைக் குடைந்து நோயை நீக்கும் அறுவையே வேண்டும்.

அந்த எலும்புக்குள்தான் முக நரம்பு செல்கிறது. உடலிலுள்ள நரம்புகளுள் எலும்புக் கால்வாய்க்குள் மிக நீண்ட தொலைவு பயணம் செய்வது இதுவே. ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். 1561-இல் இக்கால்வாயை விவரித்த இத்தாலியர் பலோப்பியோவின் பெயரால் இது வழங்கப்படுகிறது. அது நேர்க்கால்வாய் அன்று. உட்செவியைத் தாண்டி ஒரு திருப்பம். நடுச்செவியின் உட்சுவரில் அங்கவடி எலும்பை ஒட்டிக் கிடையாக ஓட்டம். பின்னர் இரண்டாம் திருப்பம். செங்குத்தாக இறங்கிக் காதுக்குக் கீழே வெளியேற்றம். அங்கவடி எலும்பை ஒட்டி ஓடும் அவ்விடத்தில் கால்வாயின் எலும்புச் சுவர் பலரிடம் முழுமை பெறுவதில்லை. நுண்ணோக்கி கொண்டு ஆராய்ந்த பெரும் ஆய்வுகள் சிலவற்றில், பாதிக்கும் மேற்பட்ட பொட்டெலும்புகளில் எங்கேனும் ஓரிடத்தில் இடைவெளி காணப்பட்டது. பாதிக்கு மேல் என்றால், எதை இயல்பு என்பது, எதைப் பிறழ்வு என்பது? நூலின் படத்தில் வரைந்திருக்கும் முழுச்சுவர்க் கால்வாய்தான் சிறுபான்மையோ என்று கேட்கத் தோன்றுகிறது.

சுவர் இல்லாத இடத்தில் நரம்பு மெல்லிய சவ்வோடு மட்டும் கிடக்கும். சில வேளைகளில் அங்கவடி எலும்பின் மீதே தொய்ந்து கிடக்கும். நோய்த் தசையைச் சுரண்டும் கருவிக்கு நரம்புக்கும் தசைக்கும் வேறுபாடு தெரியாது. கருவி பிடித்த கைக்குத் தெரிய வேண்டும். அக்கை தவறினால் முகத்தின் ஒரு பாதி செயலிழக்கும். கண்ணை மூட இயலாது, விழி வறண்டு புண்ணாகும், வாய் கோணும், குடித்த நீர் கடைவாயில் வழியும். பத்து வயதுப் பெண் குழந்தைக்கு இது நேர்ந்தால் அவள் பள்ளிக்கு வருவதே அரிதாகிவிடும். இதனாற்றான் காது அறுவை கற்கும் மருத்துவர்கள் உயிருள்ளோரிடம் கை வைக்குமுன் இறந்தோரின் பொட்டெலும்புகளைப் பல முறை குடைந்து பழகுகின்றனர். ஒன்றைக் குடைந்தால் போதாது. பத்தைக் குடைந்தவர்க்கே பதினொன்றாவது வேறாக இருக்கும் என்னும் எச்சரிக்கை கைக்கு வரும்.

நடுச்செவியின் தரைக்குக் கீழே இன்னொரு பெருவழி உண்டு. மூளையின் இரத்தத்தைக் கழுத்துக்கு இறக்கும் பெருஞ்சிரை, கழுத்துச் சிரைத் துளை வழியே வெளியேறுமுன் குமிழ்போல் பருக்கும். பெரும்பாலோர்க்கு வலப்பக்கத் துளையே பெரியது. மூளையின் உச்சியிலிருந்து வரும் சிரையோட்டம் வலப்பக்கம் சாய்வதே இதற்குக் காரணம். சிலரிடம் அக்குமிழ் மிக உயர்ந்து நடுச்செவிக்குள் எட்டிப் பார்க்கும். அதன் மீது எலும்பு மூடாதும் இருக்கும். இன்னும் அரிதாக, உள்கழுத்துத் தமனியே வழிமாறி நடுச்செவி வழியாகச் செல்லும். செவிப்பறைக்குப் பின்னே செந்நிறமாகத் துடிக்கும் திரட்சியாக அது தோன்றும். கட்டி என்று கருதி அதிலிருந்து துணுக்கு வெட்டியெடுக்க முயன்றால் இரத்தம் பீறிடும், உயிரும் போகலாம். மருத்துவ நூல்கள் இதனைத் திரும்பத் திரும்ப எச்சரிக்கின்றன.

மூக்கின் வழியே செய்யும் அறுவைக்கும் இதே நிலைதான். மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி தோன்றினால், இன்று பெரும்பாலும் மூக்கு வழியாகவே சென்று நீக்குகின்றனர். 1907-இல் ஆஸ்திரிய நாட்டு இன்சுபுருக்கு நகரில் ஷ்லோபர் என்பவர் இவ்வழியை முதன்முதல் மேற்கொண்டார். ஸ்பீனாய்டு எலும்புக்குள் உள்ள காற்றறையைத் திறந்தே சுரப்பியை அடைய வேண்டும். அவ்வறையின் இரு பக்கச் சுவர்களிலும் உள்கழுத்துத் தமனிகளும், மேற்புறத்தில் பார்வை நரம்புகளும் புடைத்து நிற்கும். சிலரிடம் அவற்றை மூடும் எலும்பு வெங்காயத்தோல் போல மெலிந்திருக்கும். சிலரிடம் அதுவும் இராது. அறையின் நடுவே உள்ள தடுப்புச் சுவர் நேர்நடுவில் இருப்பதே அரிது. அது ஒருபுறம் சாய்ந்து தமனியின் எலும்பு உறையிலேயே போய் ஒட்டியிருப்பதுண்டு. அதைப் பிடித்து முறுக்கி அகற்றினால் தமனியும் உடன் கிழியும். இரு தமனிகளும் ஒன்றையொன்று தொடுமளவுக்கு நெருங்கி நிற்போரும் உளர். சிறு பிள்ளைகளிடம் காற்றறையே உருவாகியிருக்காது. எலும்பு திண்ணென்று இருக்கும்.

பிடரெலும்பில் நாவடி நரம்பு செல்லும் கால்வாய் சிலரிடம் எலும்புத் தடுப்பால் இரண்டாகப் பிரிந்திருக்கும். அதற்கருகில் சிரை செல்லும் சிறு கால்வாய் பலரிடம் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். கழுத்தும் தலையும் கூடுமிடத்தில் எலும்பைக் குடைந்து கட்டியை அகற்றுவோர் இவற்றை அறிந்திருக்க வேண்டும். இதை இவ்வளவில் நிறுத்துகிறோம்.

மண்டையோட்டின் வேறுபாடுகளை அளந்தோரெல்லாம் நோயாளியின் நலம் கருதி அளந்தவர் அல்லர். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து மார்ட்டன் என்பவர் மண்டையோடுகளில் விதைகளையும், பின்னர் ஈயக் குண்டுகளையும் நிரப்பிக் கொள்ளளவு கண்டு, 1839-இல் வெளியிட்ட நூல் முதலாக மனித இனங்களை மேல் கீழ் என்று வரிசைப்படுத்தினார். இந்தியாவில் ஆங்கில அதிகாரி ரிசிலி, மூக்கின் அகலத்தை நீளத்தோடு ஒப்பிட்டு எண்ணாக்கி, 1891-இல் வெளியிட்ட நூலில், மூக்கின் அகலம் கூடக்கூடச் சமூகத்தில் தகுதி குறைகிறது என்று கணக்குக் காட்டினார். ஒரு மனிதன் கிணற்றில் நீர் மொள்ளலாமா கூடாதா என்பதை அவன் மூக்கெலும்பு தீர்மானிப்பதாகக் கொண்ட அறிவியல் அது! அண்ணல் அம்பேத்கர் 1948-இல் தீண்டப்படாதோரின் தோற்றம் பற்றி எழுதிய நூலில் அதே மூக்களவுப் பட்டியல்களைக் கையிலெடுத்து, இவ்வளவைகள் எதையேனும் நிறுவுமாயின் பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஓரினத்தார் என்பதையே நிறுவும் என்று எடுத்துக்காட்டினார்.

அண்ணலின் வாதத்தை உடற்கூற்றியலார் வேறொரு பக்கத்திலிருந்து வலியுறுத்தலாம். மக்கட் குழுக்களுக்கிடையே இத்துளைகள் அமையும் விகிதத்தில் சிறு வேறுபாடுகள் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயின் ஒரே குழுவினருக்குள் காணும் வேறுபாடு அதனினும் பெரிது. ஒரே தலையின் இடமும் வலமும் கூட ஒத்திருப்பதில்லை. மேசையில் கிடக்கும் நோயாளியின் முக நரம்புக்கு எலும்புச் சுவர் உண்டா இல்லையா என்பதை அவர் குலத்தைக் கேட்டோ நாட்டைக் கேட்டோ அறிய வழியே இல்லை. அவருடைய எலும்பைத்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு இன்று வழி உண்டு. 1971 அக்டோபர் 1-ஆம் நாள் இலண்டனை அடுத்த விம்பிள்டனில் ஒரு மருத்துவமனையில், பொறியாளர் ஹவுன்ஸ்பீல்டு அமைத்த கருவியால் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கப்பட்டது. 1979-இல் அவரும் கோர்மாக்கு என்பவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நாம் சி.டி. ஸ்கேன் என்று வழங்கும் அக்கருவி இன்று மில்லிமீட்டரினும் மெல்லிய அடுக்குகளில் எலும்பைக் காட்டுகிறது. தடுப்புச் சுவர் எங்கே ஒட்டியுள்ளது, சிரைக்குமிழ் எவ்வளவு உயர்ந்துள்ளது, முள்துளை உண்டா என்பவற்றை அறுவைக்கு முன்பே காணலாம். ஆனால் படம் எடுத்தால் மட்டும் போதாது. படத்தை அறுவை செய்வோரே நாடிப் பார்க்க வேண்டும். 'கட்டி உண்டு, அளவு இவ்வளவு' என்று முடியும் அறிக்கை அறுவை செய்வார்க்கு அரை அறிக்கையே. முக நரம்பின் மெல்லிய சுவரில் உள்ள சிறு இடைவெளியைச் சி.டி. படமும் எப்போதும் காட்டிவிடாது. அதற்கெனவே நரம்பின் துடிப்பை ஒலியாகக் கேட்கச் செய்யும் கருவியைச் சில அறுவைக் கூடங்களில் வைத்துள்ளனர். பெற்றோர் மருத்துவரிடம் அச்சமின்றிக் கேட்கலாம்: 'ஐயா, படம் எடுத்துப் பார்த்தீர்களா? நரம்பு எப்படி இருக்கிறது?' இவ்வாறு கேட்பது அவமதிப்பு ஆகாது. நல்ல மருத்துவர் படத்தை விளக்கொளியில் வைத்துக் காட்டியே விளக்குவார்.

இவ்வறிவெல்லாம் யாருடைய எலும்பிலிருந்து பெறப்பட்டது என்னும் கேள்வியைத் தவிர்ப்பது முறையன்று. இங்கிலாந்தில் 1832-இல் இயற்றிய உடற்கூற்றுச் சட்டம், உரிமை கோருவார் இல்லாத ஏழைகளின் உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குக் கொடுக்க வழி செய்தது. நம் நாட்டிலும் 1949-ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டம் முதலானவை அதே வழியைப் பின்பற்றின. மேலை நாட்டு மருத்துவ மாணவர் பல தலைமுறைகளாகக் கையில் வைத்துப் படித்த மண்டையோடுகளுள் பெரும்பகுதி கல்கத்தாவிலிருந்து கப்பலேறியவை. 1985-இல் இந்திய அரசு அவ்வேற்றுமதியைத் தடை செய்தது. அவ்வெலும்புகளுக்கு உரியோர் எவர் என்பதற்குப் பதிவு இல்லை. எரிக்கவோ புதைக்கவோ வசதியற்றோர், உறவினர் தேடி வராதோர், தேடினும் கேட்கும் துணிவற்றோர் என்பதை ஊகிக்கப் பேரறிவு வேண்டுவதில்லை. பள்ளி வாயிலைக் காணாத அம்மக்களே உலகத்து மருத்துவர் பலர்க்கு ஆசிரியராக அமைந்தனர். சம்மதம் கேட்கப்படாத ஆசிரியர். இன்று தம் உடலைத் தாமே எழுதிக் கொடுத்துச் செல்வோர் பெருகி வருவது நல்ல மாற்றம்.

எலும்பு அரிதானதால் பிளாஸ்டிக் மாதிரிகள் பெருகின. அவை தூய்மையானவை, விலை குறைந்தவை, எவர்க்கும் மனவருத்தம் தராதவை. ஆயின் ஒரு குறை உண்டு. ஓர் அச்சில் வார்த்த ஆயிரம் மாதிரிகளும் ஒரே தலைதான். எலும்புப் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு மண்டையோட்டை எடுத்துப் படித்த பழைய மாணவர், 'உன்னுடையதில் இத்துளை இருக்கிறது, என்னுடையதில் இல்லையே' என்று தம்முள் ஒப்பிட்டு வியந்தனர். அவ்வியப்பு பிளாஸ்டிக்கில் பிறப்பதில்லை. தேர்வில் நூறு மதிப்பெண் பெற்றும், எல்லாத் தலையும் ஒன்று என்னும் எண்ணத்தோடு வெளியேறும் மாணவர் உண்டு. மருத்துவப் படிப்பில் சேரும் நம் பிள்ளைகள், தம் கல்லூரியில் எலும்புகள் இருக்குமாயின் நேரம் ஒதுக்கி ஒன்றுக்கு மேற்பட்டவற்றைப் பார்க்க வேண்டும். இல்லையேல் கதிர்ப்படத் துறையில் நட்புப் பிடித்து, சி.டி. படங்களைப் பக்கத்தில் அமர்ந்து பார்க்க வேண்டும். இரண்டிற்கும் கட்டணம் இல்லை.

இன்று இங்கே நாங்கள் கொண்டு வந்திருப்பவையும் பிளாஸ்டிக் மாதிரிகளே, இரண்டு. அவற்றுக்கருகில் வெவ்வேறு தலைகளின் சி.டி. படங்கள் சிலவற்றைப் பெயர் நீக்கி ஒட்டி வைத்துள்ளோம். மாதிரியில் உள்ள நீள்வட்டத் துளையைக் கண்டபின் படங்களில் அதே இடத்தைத் தேடிப் பார்க்கலாம்; இட வலங்களை அளக்க அளவுகோல் உண்டு. துளைகளின் வழியைத் தடவி அறியத் தென்னை ஈர்க்குகளைச் சீவி வைத்திருக்கிறோம். மெல்லச் செலுத்துங்கள், தடை பட்டால் தள்ள வேண்டாம், வெளியே எடுத்துக் கோணத்தை மாற்றி மீண்டும் நுழையுங்கள். காதில் சீழ் வடியும் பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் தாய்மார்கள் பிற்பகல் அமர்வு தொடங்குமுன் எங்களைப் பார்க்கலாம். எந்த நாளில், எந்தப் பிரிவில் காட்ட வேண்டும் என்று எழுதித் தருகிறோம்.